மந்திரச் சுவடியில் சொல்லை மட்டும் படித்தால் போதுமா? (இடைக்கால ஐரோப்பா)

தும்பை எழுதியது:

வணக்கம். வரலாறு முதுகலை முடித்துவிட்டு, இடைக்கால ஐரோப்பாவின் மந்திர நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். மேற்படிப்புக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று யோசனை. ஆனால் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். பக்கம் பக்கமாகப் பெயர்கள் வருகின்றன. எபிரேயம் போல, கிரேக்கம் போல இருக்கின்றன, ஆனால் எந்த மொழியும் இல்லை. அறிமுகக் கட்டுரைகள் "சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்று அவர்கள் நம்பினார்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகின்றன. எனக்கு அந்த ஒரு வரிதான் வேண்டும், விரிவாக. ஆற்றல் எங்கே இருப்பதாக நினைத்தார்கள்? ஒலியிலா, பொருளிலா, சொல்கிறவரிடமா, கேட்கிறவரிடமா? இதைப் படிக்க எங்கே தொடங்குவது?

ஏடுதேடி எழுதியது:

நல்ல கேள்வி தும்பை. நான் பல வருடங்களாக இதில் மூழ்கிக் கிடப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர்ப் பட்டியல்களை ஓரமாக வையுங்கள். எல்லோரையும் இழுப்பது அவைதான், ஆனால் தொடக்கத்துக்கு ஆகாது. சின்ன மந்திரங்களில் தொடங்குங்கள். ஜெர்மனியின் மெர்ஸபுர்க் பேராலய நூலகத்தில் 1841இல் கேயோர்க் வைட்ஸ் கண்டெடுத்த இரண்டு மந்திரங்கள் இருக்கின்றன. அடுத்த வருடம் யாக்கோப் கிரிம் பதிப்பித்தார். கையெழுத்து 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இரண்டாவது மந்திரம் குதிரைக் கால் சுளுக்குக்கானது. பழைய ஜெர்மானியத் தெய்வங்களான ஃபோலும் வோதனும் காட்டுக்குக் குதிரையில் போனார்கள், பால்டரின் குதிரைக்குக் கால் பிசகியது, பெண் தெய்வங்கள் ஒவ்வொருவராக மந்திரம் பாடினார்கள், கடைசியில் வோதன் பாடினான். பிறகு கதை சட்டென்று நின்று கட்டளை வருகிறது: எலும்போடு எலும்பு, இரத்தத்தோடு இரத்தம், மூட்டோடு மூட்டு, ஒட்டவைத்தது போல.

இதில் புரியாத சொல் எதுவும் இல்லை. அப்போது ஆற்றல் எங்கே? கதையில் இருக்கிறது. முன்பு ஒருமுறை, தெய்வங்களின் காலத்தில், இது நடந்து முடிந்தது. அந்த நடந்த நிகழ்ச்சியை இந்தக் குதிரையின் காலடிக்குக் கொண்டுவருவதுதான் சொல்லின் வேலை. இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய தெய்வங்களின் பெயர் கொண்ட இந்த மந்திரங்கள் ஒரு தேவாலயப் புத்தகத்தின் வெற்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அதே பக்கத்தில், அவற்றுக்குக் கீழே, லத்தீன் ஜெபம் ஒன்று. எழுதி வைத்தவர் எழுதப் படிக்கத் தெரிந்த கிறித்தவர். அவருக்கு அந்தப் பக்கத்தில் முரண் எதுவும் தெரிந்ததாகக் காணோம்.

வடகரை எழுதியது:

குறுக்கே ஒரு வார்த்தை. "எலும்போடு எலும்பு" என்றதும் அதர்வ வேதம் நினைவுக்கு வருகிறது. நான்காம் காண்டம், பன்னிரண்டாம் பாடல். எலும்பு முறிவுக்கு ரோகிணி என்ற மூலிகையை அழைத்து, மஜ்ஜையோடு மஜ்ஜை சேரட்டும், தோலோடு தோல் வளரட்டும் என்று போகும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மொழியியலாளர் அடால்பெர்ட் கூன் இந்த ஒற்றுமையை எடுத்துக்காட்டிவிட்டார்.

ஏடுதேடி எழுதியது:

ஆமாம் வடகரை அண்ணா. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தவையா, அல்லது முறிந்த எலும்பைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் இப்படித்தான் பாடியிருப்பாரா என்பது இன்றும் தீராத வாதம். அதைத் தொட்டால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும், அதனால் தும்பையின் கேள்விக்கே வருகிறேன்.

இங்கிலாந்தில் 11ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் உள்ள ஒரு வயல் சடங்கு. பிரிட்டிஷ் நூலகத்தின் காட்டன் தொகுப்பில் இருக்கிறது, ஆக்கர்போட் என்பார்கள். நிலம் சரியாக விளையவில்லை, அல்லது யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றால் செய்வது. விடியும் முன்பு நிலத்தின் நான்கு பக்கமிருந்தும் நான்கு புல்கட்டிகளை வெட்டி எடுக்க வேண்டும், எது எப்படி இருந்தது என்று அடையாளம் வைத்துக்கொண்டு. எண்ணெய், தேன், நொதி, அந்த நிலத்தில் உள்ள ஒவ்வொரு கால்நடையின் பால், மரங்களிலும் செடிகளிலும் கொஞ்சம் கொஞ்சம், இவற்றோடு தீர்த்தம். புல்கட்டியின் அடிப்பக்கத்தில் மூன்று முறை சொட்ட வேண்டும். அப்போது "பலுகிப் பெருகுங்கள், பூமியை நிரப்புங்கள்" என்ற ஆதியாகம வசனம், லத்தீனில். கூடவே பரலோக மந்திரம். அப்புறம் கட்டிகளைக் கோவிலுக்கு எடுத்துப்போய், பச்சைப் பக்கம் பீடத்தைப் பார்க்கும்படி வைக்க, குருவானவர் நான்கு திருப்பலி பாட வேண்டும். நற்செய்தியாளர் நால்வரின் பெயர் எழுதிய மரச் சிலுவைகளைக் குழியில் வைத்து, பொழுது சாயும் முன்பு கட்டிகளை அவை இருந்த இடத்திலேயே பதிக்க வேண்டும். கிழக்கே திரும்பி ஒன்பது முறை வணங்க வேண்டும். பிச்சைக்காரர்களிடமிருந்து முன்பின் தெரியாத விதையை வாங்கி, அதற்கு இரு மடங்கு திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏரைத் தொட்டு "எர்கே, எர்கே, எர்கே, மண்ணின் தாயே" என்று பாட வேண்டும். ரொட்டி சுட்டு முதல் உழவுசாலில் வைக்க வேண்டும்.

பழைய ஆராய்ச்சியாளர்கள் பலர் அந்த "எர்கே" ஒன்றையே பிடித்துக்கொண்டார்கள். யார் இந்தத் தெய்வம், என்ன வேர்ச்சொல் என்று. மீதியைச் சமையல் குறிப்பு போலத் தாண்டிப் போனார்கள். என் கருத்தில் பெரிய இழப்பு இதுதான். ஒரு முழு நாள் வேலை இது. இருட்டில் வயலில் தொடங்கி, கோவிலுக்குப் போய், சூரியன் மறையும் முன்பு வயலுக்குத் திரும்புகிறது. குருவானவர், பிச்சைக்காரர், உழவர், மாடு எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. சொல் ஒவ்வொன்றும் ஒரு செயலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அந்தச் செயலை வெட்டிவிட்டுச் சொல்லை மட்டும் ஆராய்ந்தால் நம் கையில் மிஞ்சுவது அகராதிப் பிரச்சினை மட்டும்தான்.

கல்லணை எழுதியது:

மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். மருத்துவமும் உர விஞ்ஞானமும் இல்லாத காலத்து மக்கள் பயத்தில் செய்தவை இவை. மூடநம்பிக்கை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆராய்ச்சி என்ற பெயரில் இதற்கெல்லாம் மரியாதை தேடிக் கொடுக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுகிறது. இன்றும் மந்திரித்துவிட்டு, பாம்புக்கடிக்கு மருத்துவமனைக்குப் போகாமல் சாகிறவர்கள் இருக்கிறார்களே.

ஏடுதேடி எழுதியது:

உங்கள் கவலை நியாயம், கல்லணை. பாம்புக்கடிக்கு மருந்து வேண்டும், அதில் எனக்கும் சந்தேகம் கிடையாது. ஆனால் "மூடநம்பிக்கை" என்று சொல்லி முடித்தால் தும்பையின் கேள்விக்குப் பதில் வராது. அந்தக் காலத்திலேயே இதை நம்பாதவர்களும், பாதி நம்பியவர்களும், நம்பிக்கைக்குக் காரணம் தேடியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குள் நடந்த சண்டைதான் இதில் மிகச் சுவையான பகுதி.

இவர்களுக்கெல்லாம் முன்னோடியான திருச்சபை அறிஞர் அகஸ்டின் சொன்னது: சொல்லும் குறியும் தாமாக எதையும் செய்யாது, மனிதனுக்கும் பேய்களுக்கும் உள்ள உடன்படிக்கையால்தான் வேலை செய்கின்றன. ஒரு மொழி பேசுகிறவர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று ஒத்துக்கொள்வது போல. 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஆயராக இருந்த ஓவெர்ன் வில்லியம் இதையே வேறு வழியில் கேட்டார். சொல்லுக்கு ஆற்றல் இருந்தால் அது எதிலிருந்து வர வேண்டும்? அதன் பருப்பொருளான காற்றிலிருந்தா, ஒலியின் வடிவத்திலிருந்தா, அது குறிக்கும் பொருளிலிருந்தா? ஒவ்வொன்றாக எடுத்து, எதிலும் இல்லை என்று தள்ளினார். தும்பை, நீங்கள் கேட்ட கேள்வியே கிட்டத்தட்ட இதுதான். அதே நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் வாதம் இன்னும் கூர்மை. சொல் என்பது அறிவுள்ள ஒருவரை நோக்கிப் பேசப்படுவது. கல்லுக்கும் காய்ச்சலுக்கும் காது இல்லை. ஆக, மந்திரச் சொல்லால் ஏதாவது நடந்தால், அதைக் கேட்டுப் புரிந்துகொண்ட யாரோ ஒருவர் நடுவில் இருக்கிறார், அவர் நல்லவராக இருக்க முடியாது.

மறு பக்கம் அரபு மரபிலிருந்து வந்தது. அல்-கிந்தியின் பெயரில், லத்தீனில் மட்டும் எஞ்சியிருக்கும் ஒரு நூல், உலகில் எல்லாப் பொருளும் கதிர்களை வீசுகிறது என்கிறது. விண்மீன் வீசுவது போலவே மனிதன் வாயிலிருந்து வரும் சொல்லும் வீசுகிறது. உறுதியான விருப்பத்தோடும் உரிய முறையோடும் சொன்னால் அந்தக் கதிர் பொருள்களை அசைக்கிறது. இங்கே பேய்க்கு வேலையே இல்லை. ஆங்கிலத் துறவியும் அறிஞருமான ரோஜர் பேகன் இதை எடுத்துக்கொண்டு, ஆன்மாவின் நினைப்பும் விருப்பமும் சொல்லில் பதிகின்றன, அதனால் சொல்லுக்கு இயற்கையான ஆற்றல் உண்டு என்று 1260களில் எழுதினார். அதே பேகன் ஊரில் சுற்றும் மந்திரவாதிகளின் உச்சாடனங்களைக் கண்டித்தவர்.

கல்லணை, இவர்கள் யாரும் பயத்தில் உளறவில்லை. சொல் என்றால் என்ன என்பதைப் பற்றி அவர்கள் காலத்தின் சிறந்த மூளைகள் வாதாடியிருக்கின்றன.

தும்பை எழுதியது:

மிக்க நன்றி. இது வேறொரு சந்தேகத்தைக் கிளப்புகிறது. திருச்சபையே சொல்லால் அப்பத்தை மாற்றுகிறதே? "இது என் உடல்" என்று குருவானவர் சொல்லும்போது அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்கிறார்கள். அப்பம் அப்படி மாறுகிறது என்பது 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் சங்கத்தின் (திருச்சபையின் பொதுச் சங்கம்) முடிவு. அப்படியானால் அக்வினாஸ் ஒரு சொல்லின் ஆற்றலை மறுத்துவிட்டு இன்னொன்றை எப்படி ஏற்றார்?

வடகரை எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், கோவிலோடு வளர்ந்தவன் என்பதால். அவர்கள் விளக்கம் இது: திருவருட்சாதனச் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சபைச் சடங்குகளின்) சொல்லின் ஆற்றல் சொல்லுக்குச் சொந்தமானது அல்ல, அதை ஏற்படுத்தியவருக்குச் சொந்தம். சரியான நபர், சரியான பொருள், சரியான சொல், திருச்சபை செய்வதைச் செய்யும் நோக்கம், இத்தனையும் சேர வேண்டும். சொல் இதில் கருவி மட்டுமே.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவேரியாவில் லத்தீன் தெரியாத ஒரு குருவானவர் திருமுழுக்கு கொடுக்கும்போது இலக்கணத்தைக் குதறிவிட்டார். தந்தை மகன் ஆவியின் பெயரால் என்பது "தாய்நாடு, மகள்" என்கிற மாதிரி ஆகிவிட்டது. புனித பொனிஃபேஸ் அவரிடம் திருமுழுக்கு பெற்றவர்களுக்கெல்லாம் மறுபடி திருமுழுக்கு கொடுக்கச் சொன்னார். விஷயம் ரோமுக்குப் போனது. திருத்தந்தை சக்கரியாஸ் 746இல் எழுதிய பதில்: அந்தக் குருவானவர் தப்பறை (தவறான போதனை) எதையும் புகுத்தவில்லை, மொழி தெரியாமல் தடுமாறினார், அவ்வளவுதான். மறுபடி கொடுக்கத் தேவையில்லை.

ஒரு எழுத்து பிசகினாலும் பலிக்காது என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான தீர்ப்பு இது. சொல் தானாக வேலை செய்யும் இயந்திரம் என்று நினைத்திருந்தால் சக்கரியாஸ் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

ஏடுதேடி எழுதியது:

அருமை அண்ணா. சாதாரண மக்கள் இந்த நுணுக்கத்தோடு பிரித்துப் பார்த்தார்களா என்பது தனிக் கேள்வி. அப்பத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும் வைத்தவர்கள் இருந்ததால்தான், நற்கருணையையும் திருத்தைலத்தையும் பூட்டி வைக்க வேண்டும் என்று அதே 1215 சங்கம் கட்டளை போட்டது.

இப்போது அந்தப் பெயர்ப் பட்டியல்களுக்கு வரலாம். ஆர்ஸ் நோட்டோரியா என்ற நூல், சாலமோன் அரசர் பெயரில் 13ஆம் நூற்றாண்டிலிருந்து சுற்றியது. இலக்கணம், தர்க்கம், வானியல் என்று ஏழு கலைகளையும், நினைவாற்றலையும், பேச்சுத் திறனையும் சில மாதங்களில் கொடுப்பதாக வாக்குறுதி. பல வருடம் பெஞ்சில் உட்கார்ந்து கற்க வேண்டியதைக் குறுக்கு வழியில் தரும் நூல், அதனால் மாணவர்களும் துறவிகளும் படி எடுத்தார்கள். முறை என்ன? பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவ அறிக்கை), நோன்பு, பிறையின் குறிப்பிட்ட நாட்கள், குறிப்பிட்ட வேளைகளில் ஜெபம், வரைபடங்களை உற்றுப் பார்த்தல். ஜெபங்களுக்கு நடுவேதான் உங்களைத் தடுக்கும் அந்தப் பெயர்ச் சரங்கள். எபிரேயம், கல்தேயம், கிரேக்கம் கலந்தவை என்று நூலே சொல்கிறது. அவற்றின் முழுப் பொருளை லத்தீனில் கொண்டுவர முடியாது என்றும் சொல்கிறது.

அக்வினாஸ் இதைப் பெயர் சொல்லியே கண்டித்தார். புரியாத சொல்லை உச்சரிக்கிறவன் யாரிடம் பேசுகிறான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் பயன்படுத்தியவர்கள் கண்ணில் இது மந்திரவாதம் அல்ல, தவம்.

பிரான்ஸில் மொரிஞி மடத்து ஆசீர்வாதப்பர் (பெனடிக்டைன்) சபைத் துறவி ஜான் என்பவரின் கதை இதற்குச் சாட்சி. மாணவப் பருவத்தில் இந்த நூல் கைக்கு வந்தது. செய்து பார்த்தார். காட்சிகள் வந்தன, அவற்றில் சில பயங்கரமானவை. தன் தங்கைக்கும் எழுதப் படிக்க இதே முறையில் சொல்லிக் கொடுத்தார், அவளுக்கும் தொல்லைகள் வந்தன. இது பேய்களின் வேலை என்று முடிவுக்கு வந்து விட்டுவிட்டார். ஆனால் அதோடு நிற்கவில்லை. கன்னி மரியாளின் அனுமதியோடு என்று சொல்லி, அதே பலனுக்காகப் புதிய ஜெபநூல் ஒன்றை எழுதினார். வழிபாட்டு லத்தீனில், மரியாளை நோக்கி. சட்டகம் அதேதான்: நோன்பு, ஜெபவரிசை, உருவங்கள், காட்சி. 1323இல் பாரிஸில் அந்த நூலைத் தீயிட்டார்கள். அழிந்துவிட்டது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். பிறகு ஐரோப்பாவின் பல நூலகங்களில் படிகள் கிடைத்தன. கிளேர் ஃபேங்கரும் நிக்கோலஸ் வாட்சனும் 2015இல் முழுதாகப் பதிப்பித்தார்கள்.

ஜானை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சொல்லின் ஆற்றலை நம்பிய ஒருவர் அதைச் சோதித்து, பயந்து, பிரித்துப் பார்த்து, எந்தச் சொல் கூடாது எந்தச் சொல் கூடும் என்று தானே முடிவெடுத்த தடம் அதில் இருக்கிறது. வெளியிலிருந்து எழுதும் எந்த அறிமுகக் கட்டுரையும் இதைத் தராது.

நிலவறை எழுதியது:

நீண்ட நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது எழுதத் தோன்றுகிறது. மியூனிக் நூலகத்தில் உள்ள 15ஆம் நூற்றாண்டுக் கையேடு ஒன்றை ரிச்சர்ட் கீக்ஹெஃபர் 1997இல் பதிப்பித்தார். அதில் திருடனைக் கண்டுபிடிக்க ஒரு சிறுவனின் நகத்தில் எண்ணெய் தடவி, மந்திரம் ஓதி, என்ன தெரிகிறது என்று கேட்கும் முறை வருகிறது. நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பது அப்படியே இது. சாலிஸ்பரி ஜான் 12ஆம் நூற்றாண்டில் எழுதியதும் உண்டு: சிறுவனாக இருந்தபோது அவருக்கு விவிலியத்தின் சங்கீதங்களை (திருப்பாடல்களை) கற்பித்த குருவானவர் அவரையும் இன்னொரு பையனையும் இதற்குப் பயன்படுத்தப் பார்த்தார். அந்தப் பையனுக்கு ஏதோ மங்கலான உருவங்கள் தெரிந்தன. ஜானுக்கு நகமும் கிண்ணமும் தவிர எதுவும் தெரியவில்லை. அவரை அதற்கு லாயக்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஏடுதேடி எழுதியது:

நல்ல சான்று. மை போடுவதோடு ஒப்பிடும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். பளபளப்பான பரப்பில் சிறுவனைப் பார்க்கச் சொல்வது பழைய எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளிலேயே இருக்கிறது. செயல் ஒத்திருக்கிறது என்பதால் சொல்லும் ஒத்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மியூனிக் கையேட்டில் பேய்களைக் கட்டுப்படுத்தும் சொற்கள் திருச்சபையின் பேயோட்டும் சடங்கிலிருந்து எடுத்தவை. கீக்ஹெஃபரின் வாதமே அதுதான். விரட்டுவதற்கு இருந்த மொழியை வரவழைக்கத் திருப்பிவிட்டார்கள். லத்தீன் தெரிந்த, குருத்துவத்துக்குக் கீழான சிறு திருப்பட்டங்கள் பெற்ற, கையில் வேலை இல்லாத கோவில் ஆட்கள்தான் இதைச் செய்தவர்கள் என்கிறார் அவர்.

மணல்மேடு எழுதியது:

ஸ்டான்லி தம்பையாவை இன்னும் யாரும் சொல்லவில்லையே! இலங்கைத் தமிழர், ஹார்வர்டில் மானிடவியல் பேராசிரியராக இருந்தவர். மந்திரச் சொற்களின் ஆற்றல் பற்றிய அவருடைய 1968ஆம் ஆண்டுக் கட்டுரை இந்தத் துறைக்கே அடிக்கல். சிங்களப் பேயோட்டும் சடங்குகளில் பல மொழிகள் கலந்து வருவதில் தொடங்கி, டிரோபிரியாண்டு தீவுகளின் தோட்ட மந்திரங்களைப் பற்றி மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி சேகரித்ததை மறுபடி அலசினார். சொல்லும் செயலும் பொருளும் எப்படி ஒன்றை ஒன்று தாங்குகின்றன என்று காட்டினார். பின்னால் மொழித் தத்துவவாதி ஜே.எல். ஆஸ்டினின் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். "உன்னை மணக்கிறேன்" என்பது செய்தி அல்ல, அந்தச் சொல்லே செயல். மந்திரமும் அப்படித்தான் என்பது வாதம்.

கல்லணை எழுதியது:

இங்கே எனக்கு மறுப்பு உண்டு. திருமணச் சொல் பலிப்பதற்குக் காரணம் சுற்றி இருக்கிற மனிதர்கள் அதை ஒத்துக்கொள்வது. குதிரையின் கால் எலும்பு எதையும் ஒத்துக்கொள்ளாது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியா?

ஏடுதேடி எழுதியது:

கல்லணை, இதைவிடச் சரியான இடத்தில் யாரும் கைவைக்க முடியாது. அக்வினாஸும் இதைத்தான் கேட்டார். தம்பையா இதற்குச் சொன்ன பதில், சடங்கை உண்மை, பொய் என்று அளக்காதீர்கள், முறையாக நடந்ததா இல்லையா என்று அளவிடுங்கள் என்பது. அந்தப் பதில் ஆக்கர்போட்டுக்கு அழகாகப் பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே ஊரே கூடி நிலத்தின் நிலையை மாற்றுகிறது. சுளுக்குக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. சுளுக்குக்கு மந்திரம் சொன்னவர் குதிரை நடக்கும் என்று எதிர்பார்த்தார். அதை நாம் மறைத்துவிட்டு, அவர் ஏதோ அடையாளபூர்வமாகப் பேசினார் என்று எழுதினால் அவர் வாயில் நம் சொல்லைத் திணிக்கிறோம். தம்பையாவைக் கட்டாயம் படிக்க வேண்டும், ஆனால் சுவடி சொல்வதற்கு மேலே அவரை வைக்கக் கூடாது.

லாக்னுங்கா என்ற ஆங்கில மருத்துவத் தொகுப்பில் ஒன்பது மூலிகை மந்திரம் இருக்கிறது. அதன் முடிவில் வரும் குறிப்பு: ஒவ்வொரு மூலிகை மேலும் மூன்று முறை பாடு, பிறகு நோயாளியின் வாய்க்குள் பாடு, இரண்டு காதுக்குள்ளும் பாடு, புண்ணின் மேல் பாடு, அதற்குப் பிறகு களிம்பைத் தடவு. அந்த ஆளுக்குச் சொல்லும் ஒரு மருந்துச் சரக்கு. உள்ளே செலுத்தும் பொருள். இதற்கு ஆஸ்டின் உதவ மாட்டார், அல்-கிந்தி கொஞ்சம் உதவுவார்.

நிலவறை எழுதியது:

சொல்லாமல் கட்டிக்கொண்ட சொற்களும் இருக்கின்றன. பிரசவத்தின்போது பெண்கள் இடுப்பில் சுற்றிய தோல் சுருள்கள். லண்டன் வெல்கம் தொகுப்பில் சுமார் 1500ஆம் ஆண்டைச் சேர்ந்தது ஒன்று உள்ளது, 3 மீட்டருக்கு மேல் நீளம், ஒரு சாண் அகலம்கூடக் கிடையாது. சிலுவை, காயங்கள், ஜெபங்கள். தொட்டுத் தேய்த்து சில இடங்களில் படமே அழிந்திருக்கிறது. 2021இல் அதன் மேற்பரப்பை ஆராய்ந்தபோது தேன், பால், தானியம் இவற்றோடு பிரசவத்தில் வெளியாகும் உடல் திரவங்களின் புரதத் தடயங்களும் கிடைத்தன. அது வெறும் காட்சிப் பொருளாக இருக்கவில்லை, உண்மையிலேயே வலியின் நடுவே பெண்கள் மேல் இருந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மணல்மேடு எழுதியது:

எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் அந்தச் சொல் வேலை செய்தது என்பதுதான் இதில் முக்கியம். ஓதவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம், உடம்பில் பட்டால் போதும்.

தும்பை எழுதியது:

இவ்வளவையும் இன்று உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பெயர்ப் பட்டியல்களை விட்டுவிட்டுப் பிரசவ மந்திரங்களை எடுக்கலாம் என்று தோன்றுகிறது. "அன்னா மரியாளைப் பெற்றாள், எலிசபெத் யோவானைப் பெற்றாள்" என்று வரிசையாகச் சொல்லி, "குழந்தையே, உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் வெளியே வா, கிறிஸ்து உன்னை ஒளிக்கு அழைக்கிறார்" என்று முடியும் வகை. கையெழுத்துப் பிரதியைப் பார்க்கும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

ஏடுதேடி எழுதியது:

நல்ல தேர்வு. அந்த மந்திரமும் மெர்ஸபுர்க் போலவே முன்பு நடந்ததைச் சொல்லி இப்போதைக்குக் கட்டளை இடுகிறது, ஆனால் கேட்கிறவர் கருவில் இருக்கும் குழந்தை. அக்வினாஸின் கேள்விக்கு இது எப்படிப் பதில் சொல்கிறது என்பதையே நீங்கள் ஒரு அத்தியாயமாக எழுதலாம்.

பார்க்க வேண்டியவை: வரிகளுக்கு நடுவே வரும் சிலுவைக் குறிகளை விடாதீர்கள். பல இடங்களில் அவை கை அசைவுக்கான குறிப்பு, அந்த இடத்தில் சிலுவை அடையாளம் போட வேண்டும். பழைய அச்சுப் பதிப்புகளில் இவை விடுபட்டிருக்கலாம், ஆகவே கையெழுத்துப் படத்தோடு ஒப்பிடுங்கள். அடுத்து, நோயாளியின் பெயருக்காக விடப்படும் "N" என்ற ஒற்றை லத்தீன் எழுத்து. அது இருந்தால் பலருக்குப் பயன்படுத்த வைத்த படி. அதற்குப் பதில் ஒரு பெண்ணின் பெயரே எழுதியிருந்தால் அவளுக்காகவே செய்தது. பிறகு, இந்த மந்திரம் எந்தப் புத்தகத்தில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறது. மருத்துவக் குறிப்புகளுக்கு நடுவிலா, ஜெபப் புத்தகத்தின் கடைசி ஏட்டிலா. கடைசியாக, சொல்லை என்ன செய்யச் சொல்கிறது: ஓதவா, எழுதி வயிற்றில் வைக்கவா, தொடையில் கட்டவா, அப்பத்திலோ வெண்ணெயிலோ எழுதித் தின்னக் கொடுக்கவா. இந்தக் கடைசிப் பத்தியைத்தான் பதிப்பாசிரியர்கள் சிறிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் அங்கிருந்து தொடங்குங்கள்.

வடகரை எழுதியது:

லத்தீன் சுருக்கெழுத்தைப் படிப்பதில் சிக்கல் வந்தால் இந்த இழையிலேயே படத்தைப் போடுங்கள் தும்பை. எனக்குத் தெரிந்தவரை பிரித்துத் தருகிறேன்.